நாட்பழக்கமும் மின்னஞ்சற் பெட்டியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் விடுத்த மின்னஞ்சல், அது வந்த நாளன்று முற்பகலிலேயே என் பார்வைக்கு வந்தது. அன்று மாலையே ஒப்புதலும் அனுப்பினேன். இதனையும் ஒரு செய்தியாக எழுதவேண்டுமா என இளைஞர் நகைக்கலாம். 2019 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை என் அஞ்சற்பெட்டி இருந்த நிலையை அறிந்தோர் நகையார். அந்நாளில் அதனுள் திறவாது கிடந்த கடிதங்கள் 11,000க்கு மேல். குழுவினரின் வேண்டுகோளும் அவற்றின் நடுவே புதையுண்டு, மலர் அச்சேறி, விழா நிறைவெய்தி, கணக்கறிக்கையும் வாசிக்கப்பட்ட பின்னரே என் கண்ணிற் பட்டிருக்கும்.

சங்கத் தமிழ் பற்றியும் சைவ சித்தாந்தம் பற்றியும் எழுதத்தக்க அறிஞர் பலர் நம் பழைய மாணவருள் உளர். யான் கந்தோரிற் கடிதம் பார்த்துக் காலங் கழித்தவன். அறிந்த தொழிலைப் பற்றியே எழுதுதல் முறையெனக் கொண்டு, நாள்தோறும் நம்மை வந்தடையும் கடிதங்களை ஆளுவது எங்ஙனம், அதற்குத் துணையாகும் சிறு பழக்கங்களை வேரூன்றச் செய்வது எங்ஙனம் என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

முதற்கண் அந்த 2019 ஆம் ஆண்டுச் செய்தியைக் கூறிவிடவேண்டும். அதனை மறைத்து மேற்செல்வது நேர்மையாகாது. அறுபதுகளில் எமக்குக் கேத்திரகணிதம் கற்பித்த மாஸ்ரர் ஒருவர் தம் முதுமையில் மகனோடு கனடாவில் வாழ்ந்து வந்தார். எண்பது வயதைக் கடந்தபின் பேரப்பிள்ளைகளிடம் கணினி பயின்றவர். ஒற்றை விரலால் ஓரோர் எழுத்தாகத் தட்டித் தமிழிலேயே கடிதம் எழுதுவார், பிழையொன்றும் இராது. அவ்வாண்டு பங்குனி மாதத்தில் அவர் எனக்கு ஒரு மின்னஞ்சல் விடுத்திருந்தார். தம் பழைய அயலிலே பல்கலைக்கழக அனுமதி பெற்ற மாணவனொருவன் வசதியின்றி இடர்ப்படுவதாகக் கேள்வியுற்றாராம். ஊரிலிருக்கும் நான் நேரிற் சென்று பார்த்து உண்மையை எழுதினால், மாதந்தோறும் தாம் ஒரு சிறுதொகை அனுப்ப எண்ணியிருப்பதாகக் கூறியிருந்தார். இறுதியில், “அவசரமில்லைத் தம்பி, ஆறுதலாகப் பார்த்து எழுதும்” என்று ஒரு வரி.

அக்கடிதத்தின் தலைப்பை அது வந்த அன்றே கண்டேன். மின்சாரக் கட்டணம் செலுத்தும் வரிசையில் நின்றபடி கைப்பேசியிற் பார்த்து, வீடு சென்று நிதானமாக வாசிப்போம் என்று மூடிவிட்டேன். மாலைக்குள் வேறு நாற்பது கடிதங்கள் அதன்மேல் ஏறிவிட்டன. ஆவணி மாதத்தில் வேறொன்றைத் தேடும்போது அது வெளிப்பட்டது. மாஸ்ரர் ஆடியிலேயே காலமாகிவிட்டார். அவருடைய இறுதிக் கிரியைகளை இணைய வழியே பார்த்துக் கண்ணீர் விட்டவன் நான். அவர் எனக்கெழுதிய கடிதம், நான் கண்ணீர் விட்ட அதே கைப்பேசியுள் வாசிப்பாரற்றுக் கிடந்தது. அம்மாணவனுக்கு வேறொரு பழைய மாணவர் உதவினார் என்பது விசாரித்தபோது தெரிந்தது. ஆதலின் அவன் கல்வி கெடவில்லை. மாஸ்ரர் அந்த நான்கு மாதமும் என்னைப் பற்றி யாது எண்ணியிருப்பார் என்பதை இனி விசாரிக்க இயலாது.

யான் சோம்பித் திரிந்தவனல்லன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அரசாங்கக் கந்தோர்களிற் கடிதங்களோடே வாழ்ந்தேன். ஒரு கடிதத்தைத் தொலைத்தான் என்ற பழி என்மீது வந்ததில்லை. அத்தகைய ஒருவன், ஓய்வுபெற்று நாள் முழுதும் தனக்கே உரித்தான காலத்தில், தன் ஆசிரியரின் கடிதத்தை எவ்வாறு தொலைத்தான்? இவ்வினா என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை.

விடையின் ஒரு பாதி அஞ்சலின் வரலாற்றில் உள்ளது. 1840 ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்திலே பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கூலி கொடுக்கவேண்டியிருந்தது. தூரம் கூடக் கூலியும் கூடும். றோலண்ட் ஹில் என்பார் வகுத்த திட்டத்தின்படி அவ்வாண்டு தை மாதம் முதல், தூரம் எதுவாயினும் ஒரு பென்னி என்ற சீரான கட்டணம் நடைமுறைக்கு வந்தது. மே மாதத்தில் முத்திரை வெளிவந்தது. எழுதுபவர் முத்திரை ஒட்டி முன்கூட்டியே கட்டணம் செலுத்தும் வழக்கம் நிலைபெற்றது. எழுதுமுன் ஒருவர் சற்றே சிந்திப்பதற்கு அந்த ஒரு பென்னி போதுமாயிருந்தது. மின்னஞ்சல் அப்பென்னியையும் நீக்கிவிட்டது. கூலி ஒழிந்ததா எனின், ஒழியவில்லை. அது மீண்டும் பெறுபவர் தலையிலே ஏறிற்று. காசாக அன்று, கவனமாக. ஒருவர் ஒரு விசையைத் தட்டி நானூறு பேருக்கு அனுப்பும் கடிதத்திற்கு அந்த நானூறு பேரும் தத்தம் நேரத்தைக் கூலியாகக் கொடுக்கின்றனர். இஃது உவமையன்று. 1978 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் அக்கால ஆர்ப்பாநெற் வலையமைப்பிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாத மின்னஞ்சற் குப்பைக்கு அதுவே ஆதி எனக் கூறுவர்.

மின்னஞ்சலைத் தோற்றுவித்த றே தொம்லின்சன் அத்தகைய நோக்கம் எதுவும் கொண்டவரல்லர். 1971 ஆம் ஆண்டில், மசச்சூசெற்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரில், ஒரே அறையில் அருகருகே நின்ற இரு கணினிகளுக்கிடையே வலையமைப்பின் வழியாகச் செய்தி அனுப்பிப் பார்த்தார். அதனைச் செய்யுமாறு அவரை எவரும் பணிக்கவில்லை. ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட குறி, வணிகர் விலைப்பட்டியலிலே ‘ஒன்று இன்ன விலை வீதம்’ என்பதற்கு இடும் குறியாகும். கந்தோரில் அக்குறியை ஆயிரந்தடவை எழுதிய எமக்கு, அது உலகெங்கும் மனிதர் முகவரியின் நடுவில் அமரும் என்று எவர் சொல்லியிருப்பார்?

பிரதி அனுப்பும் வழக்கத்தையும் நோக்குக. தட்டச்சுப் பொறியிலே தாள்களுக்கிடையே காபன் தாள் வைத்துப் படியெடுத்த காலத்தில் நான்காம் படி மங்கும்; ஐந்தாம் படியை வாசிக்கக் கண்ணாடி வேண்டும். ஆதலின் யாருக்குப் படி அனுப்புவது என்பதை நன்கு எண்ணியே முடிவுசெய்வோம். மின்னஞ்சலில் இன்றும் ‘காபன் படி’ என்ற அப்பெயரின் முதலெழுத்துகளே நிற்கின்றன. காபனின் அருமை மட்டும் நீங்கிற்று. ஐம்பதாம் படியும் முதற்படியைப் போலத் தெளிவாயிருக்கின்றது. அதுவே கேடு.

இனி, விடையின் மறுபாதி. 1969 ஆம் ஆண்டில் நான் இலிகிதனாகச் சேர்ந்த கச்சேரியிலே காலைத் தபால் வந்ததும் பிரதம இலிகிதர் முன்னிலையிற் பை திறக்கப்படும். ஒவ்வொரு கடிதத்திலும் திகதி முத்திரை விழும். உள்வரு கடிதப் பதிவேட்டில் எண், திகதி, அனுப்பியவர், பொருள், ஒப்படைக்கப்பட்ட இலிகிதர் என வரிசையாகப் பதிவர். பின்னரே அவை எம் மேசைத் தட்டுகளுக்கு வரும். கடிதம் வந்ததென்று மணியடித்து எவரையும் எழுப்புவதில்லை. தபால் வரும் வேளையொன்று, அதனைப் பார்க்கும் வேளையொன்று, பதில் எழுதும் வேளையொன்று. இம்மூன்றும் வேறுவேறு என்பதை நான் அக்காலத்தில் ஒரு சிறப்பாகவே கருதியதில்லை.

யாவற்றினும் மேலானது ‘பீ. எவ்.’ என்னும் ஈரெழுத்து. ‘முன்கொணர்க’ என்பது அதன் பொருள். உடனே முடிக்கவியலாத கடிதமாயின், கோவையின் குறிப்புத்தாளில் ‘பீ. எவ்.’ என எழுதி ஒரு திகதியிடுவோம். அதே திகதியின் கீழ் நாட்குறிப்பிலும் கோவை எண்ணைக் குறிப்போம். அந்நாள் வந்ததும் கோவை தானாக மேசைக்கு வரும். அதுவரை அதனை நினைக்க வேண்டியதில்லை. முடிந்த கருமமாயின் ‘பீ. ஏ.’, அதாவது பேணி வைக்க. புதிதாகச் சேர்ந்த என்னிடம் பிரதம இலிகிதர் ஐயா கூறியது நினைவிருக்கின்றது: கடிதத்தை மேசையில் வைத்திருப்பது வேலையன்று, அதற்கு ஒரு திகதி கொடுப்பதே வேலை. 2001 ஆம் ஆண்டில் டேவிட் அலன் என்னும் அமெரிக்கர் எழுதிப் புகழ்பெற்ற நூலொன்றிலே, மாதத்தின் நாட்களுக்கு 31, ஆண்டின் மாதங்களுக்கு 12 என 43 கோவைகள் வைத்துக் கருமங்களை உரிய நாளில் முன்கொணரும் முறை விளக்கப்பட்டுள்ளது. அதனை வாசித்தபோது பழைய நண்பரொருவரை அயல்நாட்டுத் தெருவிற் கண்டாற் போன்றிருந்தது.

ஆக, முறை எனக்குத் தெரியாததன்று. கந்தோர் அம்முறையை எனக்காகத் தாங்கி நின்றது. நான் ஓய்வுபெற்று வெளிவந்தபோது பதிவேடும், முத்திரையும், பிரதம இலிகிதரின் பார்வையும் கந்தோரிலேயே தங்கிவிட்டன. நற்பழக்கம் என்று நான் நினைத்திருந்தது என்னுடையதன்று, கட்டடத்தினுடையது. கல்லூரி மணிக்கு ஒழுகிய மாணவர் பலர் பல்கலைக்கழகம் சென்றதும் தடுமாறுவதன் காரணமும் இதுவாதல் கூடும்.

அந்த வெற்றிடத்திலே வேறொரு பழக்கம் புகுந்தது. கைப்பேசி ஒலித்தவுடன் எடுத்துப் பார்த்தல், ஒலியாதபோதும் எடுத்துப் பார்த்தல். உளவியலறிஞர் ஸ்கின்னரும் அவருடைய துணைவராகிய பேர்ஸ்ரரும் 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, விலங்குகளையும் பறவைகளையும் கொண்டு செய்த சோதனைகளை விரித்துரைத்தனர். கொத்துந்தோறும் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் விரைவிற் கொத்துவதை விட்டது. எப்போது கிடைக்கும் என்று அறியவொண்ணாதபடி இடையிடையே பெற்ற புறாவோ, தானியம் நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருந்தது. நம் அஞ்சற்பெட்டியும் அத்தகையதே. பத்துத் தடவை திறந்தால் ஒன்பது தடவை விளம்பரம்; பத்தாவது தடவை பேரனின் படம். (ஸ்கின்னரின் பெயர் முதலெழுத்துகளும் பீ. எவ். என்பதை அறிந்து யான் சிரித்ததுண்டு.)

இப்பழக்கத்தின் விலையை அளந்தோரும் உளர். இங்கிலாந்தின் லவ்பறோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் ஜக்சனும் அவருடைய குழுவினரும், நிறுவனமொன்றின் பணியாளர் மின்னஞ்சலை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதைக் கண்காணித்து 2002 ஆம் ஆண்டளவில் முடிவுகளை வெளியிட்டனர். வந்த கடிதங்களுள் நூற்றுக்கு 70 வீதமானவற்றுக்கு அவர்கள் 6 விநாடிகளுக்குள்ளேயே திரும்பினர். பார்த்து முடித்தபின் விட்ட வேலையை முன்போலத் தொடர, சராசரி 64 விநாடிகள் சென்றன. ஒரு நிமிடந்தானே எனலாம். ஒரு நாளில் நாற்பது முறை தடைப்படுவோன் முக்கால் மணிநேரத்தை இழந்தது மாத்திரமன்று. நாற்பது முறை சிந்தனையின் நூலை அறுத்தவனாகின்றான். கனடாவின் பிரித்தானிய கொலம்பியப் பல்கலைக்கழகத்திலே குஷ்லெவ், டன் ஆகிய இருவர் 124 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2015 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் அஞ்சல் பார்க்குமாறும், மற்றை வாரம் வேண்டியபோதெல்லாம் பார்க்குமாறும் அவர்களைப் பணித்தனர். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன நெருக்கடி குறைந்திருந்தது. கச்சேரித் தபாலும் ஏறக்குறைய அத்துணை முறையே வந்தது.

பார்க்கும் வேளையைக் குறைப்பதென முடிவுசெய்தல் எளிது. அம்முடிவு மறுநாளும் நிற்றல் அரிது. பழக்கம் எத்துணை நாளில் வேரூன்றும்? இருபத்தொரு நாள் என்பது எங்கும் சொல்லப்படும் கணக்கு. அதன் மூலம் 1960 ஆம் ஆண்டில் மக்ஸ்வெல் மோல்ற்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை வைத்தியர் எழுதிய நூலாகும். முகத்திற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் தம் புதிய முகத்திற்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் அளவிற் செல்லும் என அவர் தம் அனுபவத்தில் கண்டதை எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் எஞ்சிற்று. ஆய்வு செய்து அளந்தவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லல்லியும் அவருடைய குழுவினரும் ஆவர். 96 பேர் ஆளுக்கொரு சிறு செயலைத் தெரிந்து, காலையுணவின் பின் என்பதுபோன்ற ஒரே தறுவாயில் நாள்தோறும் 12 வாரங்கள் செய்துவந்தனர். 2010 ஆம் ஆண்டில் அச்சான அம்முடிவின்படி, செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எய்தச் சென்ற காலத்தின் இடைநிலை 66 நாட்கள். ஆளுக்காள் 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை அது வேறுபட்டது. 12 வாரங்களுக்கு அப்பாற்பட்டவை கணித்துப் பெறப்பட்டவை.

அவ்வாய்வின் மற்றொரு முடிவே எனக்கு மருந்தாயிற்று. ஹாவாட் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியற் பெருநூலிலே, புதுப்பழக்கம் வேரூன்றும் வரை ஒருமுறையேனும் விலக்களித்தலாகாது என்றார். சுற்றிக்கொண்டிருக்கும் நூற்பந்து கைதவறி விழுந்தால் எத்தனையோ சுற்றுகள் அவிழுமென உவமையும் காட்டினார். நம் ஆசிரியர்களும் அவ்வாறே கண்டிப்பாயிருந்தனர். லல்லி குழுவினரோ, ஒருநாள் தவறியதனால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவிற் பாதிக்கப்படவில்லை எனக் கண்டனர். ஜேம்ஸ் பேரறிஞரே எனினும் இவ்விடத்தில் யான் பிந்திய ஆய்வின் பக்கமே நிற்பேன். ஒருநாள் தவறியதற்காக முழு முயற்சியையும் கைவிட்டோரைக் கண்டிருக்கின்றேன். நானும் அவருள் ஒருவனாயிருந்தேன்.

இவ்விடத்தில் அஞ்சலையும் பழக்கத்தையும் ஒருங்கே ஆண்ட ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விழைகின்றேன். ஆங்கில நாவலாசிரியராகிய அந்தனி ட்ரொலொப் 1815 ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1834 இல் இலண்டன் தபாற் கந்தோரில் இலிகிதராகச் சேர்ந்தவர், 1867 வரை அச்சேவையில் இருந்தார். தொடக்கத்தில் அவரும் ஒழுங்கற்ற இலிகிதர் என்றே பெயர் வாங்கினார் என்பது நமக்கு ஆறுதல். பிற்காலத்தில் சனல் தீவுகளிலே தெருவோரத் தபாற்பெட்டிகளை நிறுவுமாறு பரிந்துரைத்தவர் அவரே. அதன்படி 1852 இல் ஜேர்சித் தீவில் அவை நாட்டப்பட்டன. இத்துணைக் கந்தோர்ப் பணியின் நடுவே அவர் 47 நாவல்களை எழுதினார். எவ்வாறு என்பதைத் தம் தன்வரலாற்றில் மறையாது கூறியுள்ளார். காலை ஐந்தரை மணிக்கு எழுத்து மேசையில் இருப்பார். தம்மை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்கென்றே வேலையாளொருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். மூன்று மணிநேரத்தில் முதல் அரைமணி முன்னர் எழுதியதை வாசித்தல். பின் கடிகாரத்தை எதிரே வைத்து, கால்மணிக்கு 250 சொற்கள். எட்டரைக்கு எழுந்துவிடுவார். கந்தோர்க் கடிதங்கள் அதன் பின்னரே. ஒவ்வொரு வாரமும் எழுதிய பக்கங்களைக் குறிப்பேட்டிற் பதிவார். எழுதாத வாரத்தின் வெற்றிடம் கண்ணை உறுத்தும். ஒரு நாவல் முடிந்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கியதும் உண்டு.

அத்தன்வரலாறு 1883 ஆம் ஆண்டில், அவர் மறைந்த பின்னர் வெளிவந்தது. சப்பாத்துத் தைப்பவர்போல் மணிக்கணக்கில் இலக்கியம் செய்தாரா என்று முகஞ்சுளித்தோர் பலர். அவர் மதிப்பும் சிலகாலம் தாழ்ந்தது. அவர் நாவல்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. யான் அவரிடம் கற்றுக்கொண்டது சொற்கணக்கன்று, வரிசை. தமக்குரிய வேலை முதலில், பிறர் அனுப்பியது பின்பு. அஞ்சற்பெட்டி என்பது பிறர் நமக்கெழுதிவைத்த வேலைப் பட்டியல். விழித்தவுடன் அதனைத் திறப்போன் தன் நாளின் முதற்பங்கைப் பிறர்க்கு ஈந்துவிடுகின்றான்.

இனி என் நடைமுறையைக் கூறுகின்றேன். 2019 ஆவணியிலே, பெட்டியிற் கிடந்த யாவற்றையும் ‘பழையவை’ எனப் பெயரிட்ட ஒரே கோவைக்கு மாற்றிப் பெட்டியை வெறுமையாக்கினேன். வகைவகையாகப் பிரித்தடுக்க முயன்றிருந்தால் இன்றும் அடுக்கிக்கொண்டிருப்பேன். 2011 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வொன்று, 345 பேர் பழைய மின்னஞ்சல்களை 85,000க்கு மேற்பட்ட தடவைகள் தேடியெடுத்த முறையை நோக்கி, கோவை கோவையாக அடுக்கிவைத்தோர் அதனால் விரைவிற் கண்டெடுக்கவில்லை என்றும், சொல்லிட்டுத் தேடுதலே விரைவானது என்றும் கண்டது. பழைய இலிகிதனாகிய எனக்கு இது சிறிது மனவருத்தமே. எனினும் உண்மை உண்மைதான்.

கைப்பேசியின் அஞ்சல் ஒலியை நிறுத்தினேன். காலைத் தேநீர் அருந்திக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து அன்றைய திகதியை எழுதுவது என்பதே நான் எனக்கு விதித்த பழக்கம், அவ்வளவுதான். பதிலெழுதுவது பழக்கத்தின் பாகமாக இருக்கவில்லை. மிகச் சிறியதைத் தெரிந்து, ஏற்கெனவே நிலைத்த ஒரு செயலின் வாலிற் கட்டிவிடுதல் என்னும் இம்முறையை, ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொக் என்பார் 2019 இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். திகதியை எழுதியவன் பேனாவை மூடிவைத்துச் சும்மா இருப்பதில்லை. முதற்கிழமையிலேயே கை தானாக அன்று செய்யவேண்டிய சொந்த வேலையை எழுதத் தொடங்கிற்று.

ஒன்பது மணி, ஒரு மணி, மாலை நாலரை மணி என மூன்று அமர்வுகள். ஒவ்வொரு கடிதமும் திறந்தவுடன் தீர்க்கப்படும். இரண்டு நிமிடத்தில் எழுதக்கூடிய பதில் அப்போதே போகும். அதற்கு மேற்பட்டது கொப்பியிலே பீ. எவ். பெற்று ஒரு திகதியின் கீழ் அமரும். அனுப்பியவர்க்கும், இன்ன நாளில் எழுதுவேன் என்று ஒரு வரி செல்லும். ஏனையவை பீ. ஏ. நாளைக்கு ஒன்றாக விளம்பரக் கடிதங்களின் சந்தாவை நிறுத்தினேன். நாலைந்து மாதத்தில் வரவு மூன்றிலொன்றாகச் சுருங்கிற்று. முதியோரிடமிருந்து வரும் கடிதங்களை மட்டும் இரண்டு நிமிடக் கணக்கிற்கு உட்படுத்துவதில்லை. அவற்றிற்கு அன்றே, நீளமாக, தமிழிலே பதில் எழுதுகின்றேன்.

மனம் முரண்டாது இவ்வொழுங்கிற் பொருந்த எனக்கு மூன்று மாதத்திற்கு மேற் சென்றது. இடையிலே காய்ச்சலில் ஒன்பது நாள் தவறினேன். பத்தாம் நாள் திகதியை எழுதித் தொடர்ந்தேன். விடுபட்ட ஒன்பது நாட்களையும் கோடிட்டுக் காட்டியிருக்கின்றேன். பெஞ்சமின் பிராங்கிளின் பதின்மூன்று நற்பண்புகளைச் சிறு புத்தகமொன்றிற் கட்டம்போட்டு வாரத்திற்கு ஒன்றாகப் பயின்றவர். அவற்றுள் ‘ஒழுங்கு’ என்பதே தமக்கு மிகுந்த தொல்லை தந்ததாக அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.

மாணவத் தம்பியருக்கு இரண்டொரு சொல். நீங்கள் பெறுநர் மட்டுமல்லீர், அனுப்புநருமாவீர். பல்கலைக்கழகத்துக்கோ திணைக்களத்துக்கோ எழுதும்போது பொருள் வரியை வெறுமையாக விடாதீர். ‘வணக்கம்’ என்று மட்டும் இடாதீர். இன்னது வேண்டும், இன்ன திகதிக்குள் வேண்டும் என்பதை அவ்வரியிலேயே கூறுக. ஒரு கடிதத்தில் ஒரு கருமம். செய்யவேண்டியவர் பெயர் பெறுநர் இடத்தில், அறிந்திருக்க வேண்டியவர் பெயர் பிரதியிடத்தில், மற்றையோரை விட்டுவிடுக. கோபத்தில் எழுதியதை அடுத்த அமர்வு வரை அனுப்பாது வைத்திருங்கள். பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு மணிநேரம் கைப்பேசியை வேறறையில் வைப்பது, அதனை மேசையில் வைத்துக்கொண்டு மனவுறுதியோடு போராடுவதிலும் எளிது. நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

‘பழையவை’ என்னும் கோவையை நான் இன்னும் அழிக்கவில்லை. நாளைக்கு ஐந்தாக அவற்றைப் பார்த்து வருகின்றேன். பெரும்பாலானவை விளம்பரங்கள். சென்ற மாதம் பழைய வகுப்புத் தோழரொருவர் 2016 இல் அனுப்பிய புகைப்படம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு மாணவர் நடுவே மாஸ்ரர் வேட்டியும் நீண்ட கோட்டுமாக நிற்கின்றார். தோழருக்கு எழுதினேன், அரைமணியிற் பதில் வந்தது. மாஸ்ரரின் மகனுக்கும் அப்படத்தை அனுப்பி, பங்குனிக் கடிதத்தைப் பற்றி முதன்முறையாக எழுதினேன். அவர் பதில் இன்னும் வரவில்லை. இக்கட்டுரை நாலரை மணி அமர்வில் மலர்க் குழுவினருக்குச் செல்கின்றது. கொப்பியில் அவர்கள் கடிதத்தின் எதிரே இருந்த ஈரெழுத்தை அடித்துவிட்டு, மகனின் பெயருக்கு எதிரே அடுத்த மாத முதலாந் திகதியை இட்டிருக்கின்றேன்.